நெஞ்சுக்குள் இருப்பது

பைபாஸுக்கு முதல் நாள் இரவு. சென்னை மருத்துவமனை ஒன்றில், ஊழியர் மார்பு முடியை மழித்துவிட்டுப் போனதும் அண்ணன் என்னை அருகே அழைத்தார். "இதயத்தை நிறுத்தி வெச்சுட்டுத்தானே தைப்பாங்க? அந்த நேரத்துல நான் எங்கேடா இருப்பேன்?"

இதய-நுரையீரல் இயந்திரம் ரத்தத்தைச் சுழற்றும் என்று டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். அவர் கேட்டது அதுவல்ல. அண்ணி எதுவும் பேசாமல் வைத்தீஸ்வரன்கோயில் விபூதியை எடுத்து அவர் நெற்றியில் பூசினார். பக்கத்துக் கட்டில் பாய் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

தமிழில் நெஞ்சு என்பது மார்புக்கும் மனதுக்கும் ஒரே பெயர். மருத்துவமனைப் படிவத்தில் முதலாவதற்கு மட்டுமே இடம். சர்க்கரை, கிரியேட்டினின், பல் சொத்தை வரை கேட்டார்கள். பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை.

கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் டார்ட்மவுத் மருத்துவப் பள்ளியின் தாமஸ் ஆக்ஸ்மன் குழு, இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 232 பேரைப் பற்றி 1995இல் ஆய்வு வெளியிட்டது. எல்லோரும் 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். 6 மாதத்துக்குள் 21 பேர் இறந்தார்கள். சங்கம், குழு என்று எதிலும் ஒட்டாதவர்கள், மதத்திலிருந்து தெம்போ ஆறுதலோ பெறாதவர்கள் ஆகியோரிடையே இறப்பு அதிகம். இதை வைத்துக் கடவுளே வந்து ரத்தக்குழாயைத் தைத்தார் என்று எழுதிவிட முடியாது (எழுதுகிறார்கள்). 21 சிறிய எண்.

2006இல் ஹெர்பர்ட் பென்சன் குழுவின் ஆய்வு இன்னும் பெரியது: 6 மருத்துவமனைகள், 1,802 பைபாஸ் நோயாளிகள். முன்பின் அறியாத கிறிஸ்தவக் குழுக்கள் ஒரு பகுதியினருக்காகப் பிரார்த்தித்தன. தமக்காகப் பிரார்த்தனை நடக்குமா என்று தெரியாதவர்களில், அது நடந்தவர்களில் 52 சதவிகிதத்தினருக்கும் நடக்காதவர்களில் 51 சதவிகிதத்தினருக்கும் சிக்கல் வந்தது. நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களிலோ 59 சதவிகிதம்! ஊர்பேர் தெரியாதவர்களைக் கூப்பிட்டு வேண்டச் சொல்லும் அளவுக்கா நம் நிலைமை என்று மிரண்டிருப்பார்களோ?

அண்ணி பூசிய விபூதி இந்த வகையில் சேராது. 30 வருடமாக அவர் பூசுவது, அண்ணன் குனிந்து கொடுப்பது. பாயின் மணிகளும் அப்படித்தான். அவற்றை அறுவை அரங்கின் வாசல் வரையாவது அனுமதிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. கோயில் பக்கமே போகாதவருக்கு, கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேச ஒரு நர்ஸ் போதும்.

நான்காம் நாள் காரணமில்லாமல் அண்ணன் அழுதார். இருமல் வரும்போதெல்லாம் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டார். எங்கே இருந்தாய் என்று கேட்க நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "பக்கத்துக் கட்டில் பாய் கண்ணு முழிச்சிட்டாராடா?"