வில்லோடு விமானம் ஏறினால்...

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அண்ணன் மகள் வில்வித்தைப் போட்டிக்கு டெல்லி கிளம்பியபோது, ‘பேக்கிங்கை அத்தை பாத்துக்கறேன்’ என்று துணிச்சலாக உட்கார்ந்துவிட்டேன்.

வில், அம்பு எதுவும் கேபினுக்குள் கூடாது. செக்-இன் லக்கேஜில்தான் போக வேண்டும். அவளுடையது ஒலிம்பிக்கில் பார்ப்போமே, அந்த ரிகர்வ் வில். கைப்பிடி தனி, மேல் கீழ் லிம்ப் தனி என்று கழற்றிவிடலாம். துண்டில் சுற்றி, கெட்டியான பெட்டியில் வைத்தோம். அம்புகளுக்குத் தனிக் குழாய். எடை ஏறியதால் ரெண்டு சுடிதாரை வெளியே எடுத்தேன். முறைத்தாள்!

கூட வந்த பையனிடம் இருந்தது காம்பவுண்ட் வில். அதை நாமாகக் கழற்ற முடியாது. முழுசாகத்தான் போக வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ‘வேட்டைக்கா தம்பி?’ என்று சிரித்தார் ஒருவர். (1972 சட்டப்படி இங்கே வேட்டையே குற்றம்!) ஆசையாக எடுத்து, அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுவிட்டார். ‘பட்’டென்று ஒரு சத்தம்.

அம்போடு பறக்க வேண்டிய விசை அத்தனையும் வில்லுக்கே திரும்பிவிடுமாம். பீங்கானில் விரிசல் இருந்தால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். வில்லில் தெரியாது, அடுத்த இழுப்பில் முகத்துக்கு நேரே உடையலாம். பையன் போட்டியில் இறங்கவே இல்லை.

இப்போது இவள் பெட்டி மூடியின் உள்பக்கம் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறோம்: ‘தொட்டுப் பாருங்கள், நாணை இழுக்காதீர்கள்.’