ஐந்தாம் வகுப்பின் கடன்

எழுத்தையும் எண்ணையும் அறிமுகம் செய்வது தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளின் கடன் என்றால், அவ்வெழுத்தைக் கொண்டு செய்தியை ஆராயவும், அவ்வெண்ணைக் கொண்டு தான் நிற்கும் நிலத்தை அளக்கவும் குழந்தையைப் பழக்குவது நான்காம், ஐந்தாம் வகுப்புகளின் கடன். முன்னதை நினைவில் வைக்கும் அரசுகள் பின்னதை எளிதில் மறந்துவிடுகின்றன.

1953-இல் இராசாசி அரசு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்ட அத்திட்டம் அடுத்த ஆண்டே காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. 2019-இல் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று வந்த ஆணை, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. இரண்டும் ஒழிந்தது நன்றே.

பெருந்தொற்றில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், மறு கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அது தேவையே. எனினும் விட்டதைப் பிடிக்கும் முயற்சியிலேயே ஆண்டு கழிந்து, அவ்வகுப்புகளுக்கே உரிய பாடம் பின்தள்ளப்படலாகாது.

பின்னத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டடிச் சதுரம் ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பது தஞ்சை உழவர் வாய்க்கணக்கு. இருபதில் ஒரு பங்குக்குப் பழந்தமிழ்க் கணக்கில் பெயரே மா. மூன்று மா ஓர் ஏக்கர் என்று ஊரார் சொல்வதை ஒரு சிறுமி பெருக்கிப் பார்த்தால் 43,200 சதுர அடி வரும், ஏக்கருக்கோ 43,560. குறையும் 360 சதுர அடி இரண்டரைக் குழி என்று வகுத்துச் சொல்லும் சிறுமிக்குப் பின்னமும் பரப்பளவும் ஒருங்கே கைவந்துவிடும். 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி காவிரியில் கர்நாடகம் நமக்குத் திறந்துவிட வேண்டிய 177.25 டி.எம்.சி.யில் அந்தக் கடைசிக் கால் டி.எம்.சி. 25 கோடி கன அடி என்பதும் அவளுக்கு எட்டாத கணக்கன்று.

குலக்கல்வியின் நினைவால் வயலைப் பாடத்திலிருந்து விலக்கிவைப்பது பிழை. பிள்ளையை வயலுக்கு அனுப்பிவிடுவது வேறு. வயலை வகுப்புக்குள் கொணர்வது வேறு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாளாகிய சூன் 12-ஐ ஒட்டியே பள்ளிகளும் திறக்கின்றன. அந்நாள்களில் ஒரு காலையேனும் ஐந்தாம் வகுப்பை அளவு நாடாவுடன் வரப்பில் நிறுத்துமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். கல்வித்துறை அதற்குத் தடை சொல்லலாகாது.