மனப்பாடமா? வாதமா?

சீனத்தின் பழம்பெரும் தத்துவங்களை மாணவர்க்குக் கற்பிப்பது எங்ஙனம்? கன்பூசியஸ் கி.மு. 551-இல் பிறந்தார், 479-இல் மறைந்தார், பெற்றோரைப் பேணுதலையும் முறை வழுவாமையையும் போதித்தார் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதை ஏட்டில் பெயர்த்தெழுதச் சொல்லி, தேர்வில் திரும்பக் கேட்பது ஒரு முறை. பெருவழக்காக இருந்துவரும் முறையும் அதுதான். மாணவர்களை அணி அணியாகப் பிரித்து, "நீங்கள் கன்பூசியஸ் பக்கம், நீங்கள் லாவோட்சு பக்கம், நீங்கள் சட்டநெறியாளர் பக்கம். நாடு போரால் சிதறிக் கிடக்கிறது. மன்னன் வழி கேட்கிறான். பேசுங்கள்!" என்று வாதிட விடுவது மற்றொரு முறை. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் உலக வரலாற்று ஆசிரியர்கள் இதனைக் கையாளுகின்றனர். நியூயார்க் நகரின் பார்னார்ட் கல்லூரியில் 1990-களின் பிற்பகுதியில் தோன்றிய பயிற்சி முறையோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அங்கே மாணவர்கள் 1587-ஆம் ஆண்டு மிங் பேரரசின் அவை அறிஞர்களாகவே மாறிவிடுகின்றனர். மூத்த மகனை ஒதுக்கிவிட்டு இளையவனுக்குப் பட்டம் சூட்ட எண்ணும் பேரரசனைத் தடுப்பதா, அவனுக்குத் தலையாட்டுவதா என்று கன்பூசிய நூல்களைச் சான்று காட்டி வழக்காடுகின்றனர்.

"இது விளையாட்டு; இது படிப்பாகுமா?" என்று கேட்போர் உண்டு. அவர்கட்கு நாம் கூறும் விடை இதுதான்: அந்தத் தத்துவங்கள் பிறந்ததே வாதத்தில்தான். வாதத்தை நீக்கிவிட்டு அவற்றைக் கற்பிப்பது, வழக்கை மறைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் படித்துக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

கி.மு. 475 முதல் 221 வரை சீனம் பல அரசுகளாகப் பிரிந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில், சீ நாட்டின் தலைநகர் லின்சியில், சீசியா எனும் இடத்தில் அறிஞர்கட்கு மனையும் மதிப்பும் தந்து, ஆட்சிப் பொறுப்பு ஏதும் சுமத்தாமல், "கூடி விவாதியுங்கள்" என்று விட்டனர் மன்னர்கள். மனித இயல்பு நல்லது என்றார் மென்சியஸ். இல்லை, அது கோணலானது. கல்வியும் ஒழுங்குமே அதனை நிமிர்த்தும் என்றார் சுன்ட்சு. அவர்கட்கு முன்பே மோட்சு, தன் குடும்பம், பிறர் குடும்பம் என்று பாராமல் எல்லோரையும் ஒப்ப நேசி என்றார். பெரிய நாடு சிறிய நாட்டின்மீது பாய்வது கொள்ளையே என்றார். பதவி பிறப்பைப் பார்த்து அளிக்கப்படலாகாது, திறமையைப் பார்த்தே அளிக்கப்படவேண்டும் என்றார். எல்லோரையும் ஒப்ப நேசிப்பது தந்தையையே மறுப்பதாகும் என்று சீறினார் மென்சியஸ். அன்பும் வேண்டா, அறமும் வேண்டா, பரிசும் தண்டனையும் போதும் என்றனர் சட்டநெறியாளர். ஒருவர் பேச்சுக்கு மற்றவர் மறுப்பு! அந்த மறுப்பைக் கேளாதவனுக்கு முதற்பேச்சின் பொருளும் விளங்காது.

வாதத்திற்கு வாய்ப்பூட்டு போட்டவர் யார்? கி.மு. 221-இல் சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் பேரரசர். கி.மு. 213-இல் அரண்மனை விருந்து ஒன்றில், பழைய முறைப்படி நாட்டைப் பிரித்து மன்னர் குடும்பத்தார்க்கு அளிக்கவேண்டும் என்று அறிஞர் ஒருவர் வாதிட்டார். அமைச்சன் லீ சு அதற்கு விடை கூறினான், விடையோடு நின்றானா? பழமையைக் காட்டி நிகழ்கால ஆட்சியைக் குறைகூறுவோர்க்கு மரணம் என்றான். மருத்துவம், குறி, உழவு பற்றிய ஏடுகள் தவிர மற்றவற்றைத் தீயிலிடச் செய்தான். அந்த லீ சு யார்? வாதத்தில் வல்ல சுன்ட்சுவின் மாணவன்! அவன் காத்த பேரரசு சுமார் 15 ஆண்டுகளே நின்றது, அவனும் கி.மு. 208-இல் கொலைத்தண்டனைக்கு ஆளானான்.

எரிப்பவன் மட்டுமே வாதத்தின் எதிரி அல்லன், பூசிப்பவனும் எதிரிதான். கி.மு. 124-இல் ஹான் பேரரசு 50 மாணவர்களோடு ஒரு கல்விக்கழகம் கண்டு, கன்பூசிய நெறியை ஆட்சியின் நெறியாக்கிற்று. 1313-இல் அந்த நெறியின் நான்கு நூல்களும் அவற்றிற்கான குறிப்பிட்ட உரையும் அரசுத் தேர்வின் அடிப்படையாயின. 1905-இல் தேர்வு முறையே ஒழிக்கப்படும்வரை மனப்பாடம் கோலோச்சிற்று. கொடுங்கோலனை மன்னன் என்றே கொள்ளத் தேவையில்லை எனும் கருத்துடையவர் மென்சியஸ். அவர் நூலிலிருந்து 1394-இல் மிங் பேரரசன் 85 பகுதிகளை வெட்டி எறியச் செய்தான். மோட்சுவின் நூலோ பல நூற்றாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பணிவு மட்டும் பாடமாயிற்று, இடித்துரைப்பது வெட்டுண்டது!

வகுப்பறை வாதத்திற்கு ஏற்ற பொருள் எது என்று நம்மைக் கேட்டால், கி.மு. 81-இல் நடந்த உப்பு – இரும்பு விவாதத்தையே முதலில் சுட்டுவோம். வடக்கு எல்லைப் போரின் செலவை ஈடுகட்ட ஹான் பேரரசு உப்பையும் இரும்பையும் அரசின் தனியுரிமை ஆக்கியிருந்தது. மக்கள் படும் துன்பம் யாது என்று கேட்க அறிஞர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் தலைநகருக்கு அழைக்கப்பட்டனர். அவர்கட்கு எதிரே அமர்ந்தவர், அத்திட்டத்தை நடத்திய அமைச்சர் சாங் ஹோங்யாங்.

அறிஞர்கள் கூறினர்: அரசு குடிமக்களோடு இலாபத்திற்குப் போட்டியிடலாமா? அரசுப் பட்டறைக் கருவிகள் உழவன் கைக்கு ஒத்துவரவில்லை, விலையோ அதிகம், வாங்கச் சென்றால் அதிகாரி இருப்பதில்லை, ஏழை மரக்கலப்பை கொண்டு உழுது, உப்பின்றி உண்கிறான். அமைச்சர் கேட்டார்: தனியுரிமையை நீக்கினால் மலையின் இரும்பும் கடலின் உப்பும் யார் கைக்குப் போகும்? ஏழையின் கைக்கா? வலிய குடும்பங்களின் கைக்கன்றோ! உப்பும் நாணயமும் தன்னிடம் குவித்த வூ நாட்டு அரசன் கி.மு. 154-இல் கலகம் செய்ததை மறந்தீரோ? எல்லையில் காவல் நிற்கும் வீரனுக்குச் சோறு எங்கிருந்து வரும்?

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! பொதுவுடைமை என்ற சொல் போதுமா, கலப்பையின் முனை மழுங்கியிருந்தால்? சுதந்திர வாணிகம் என்ற சொல் போதுமா, உப்பளம் சிலர் கையில் இருந்தால்? ஏழைக்காக இரங்கிய அறிஞரின் வெற்றி பெருஞ்செல்வர்க்கும் பயன்பட்டிருக்கும். கருவூலத்திற்காகப் பேசிய அமைச்சரின் வாயிலும் பசித்த வீரனுக்கான வழக்கு இருந்தது. முடிவில் மதுவின்மீதான தனியுரிமை நீங்கிற்று. உப்பும் இரும்பும் பெரும்பாலும் அரசிடமே நின்றன. இருபக்கமும் பேசிப் பார்க்கும் பதினைந்து வயது மாணவன் கன்பூசிய நெறியையும் சட்டநெறியையும் பிறகு மறப்பானா? ஒவ்வொரு கொள்கையையும், "இதனால் யாருக்கு ஆதாயம்?" என்று கேட்கக் கற்றுக்கொள்வானன்றோ!

ஆயினும் ஓர் எச்சரிக்கை. முடிவை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு நடத்துவது வாதமாகாது. 1974-இல் சீனத்தில் கன்பூசியஸ் எதிர்ப்பு இயக்கம் நடந்தது. சட்டநெறியாளர் புகழப்பட்டனர், கன்பூசியஸ் ஏசப்பட்டார், மறுத்துப் பேச இடமில்லை. அது வாதத்தின் வேடம் பூண்ட மனப்பாடம். கைதட்டலை எண்ணித் தீர்ப்பளிப்பதும் தவறே. கன்பூசியஸ் என்றால் குடும்பம், லாவோட்சு என்றால் சும்மா இருத்தல், சட்டநெறி என்றால் சவுக்கு என்று மூன்று சீட்டுகளில் அடக்கி, மோட்சுவை மறந்துவிடுவது அதனினும் தவறு. முதலில் மூலநூலின் மொழிபெயர்ப்பைப் படிக்கட்டும், பின்னர் வாதிடட்டும், அதன் பின்னர் பக்கம் மாறி, நேற்று எதிர்த்ததற்கு இன்று வாதாடட்டும். அப்போதுதான் அது கல்வி.

இது பள்ளிக்கு மட்டும் உரிய பாடமா? அல்ல. எதிரியின் வாதத்தை, அவனே "ஆம், இதுதான் என் கருத்து" என்று ஒப்பும் வண்ணம் எடுத்துரைக்க இயலாதவன், அதனை மறுக்கவும் தகுதியற்றவன். முழக்கம் எழுப்பக் கற்றுவிட்டோம். மறுப்பைக் கேட்கவும் கற்போம். நம் படிப்பகங்களில் ஒரு மாலையை அதற்கென ஒதுக்குங்கள். உப்பையும் இரும்பையும் நடுவில் வையுங்கள். இருபுறமும் அமர்ந்து வாதிடுங்கள். வாதத்தைத் தாங்கும் கொள்கைதான் வாழும். வாதத்திற்கு அஞ்சும் கொள்கை, வாளேந்திக் காத்தாலும் வாழாது!