பெயரில்லாப் பைகள்

டெல்லியின் வாரச் சந்தைகளில் கொத்தமல்லிக் கட்டைப் போட்டுத் தரும் மெல்லிய பையைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், பதிவு எண், பையின் தடிமன் எதுவும் இருக்காது. இவற்றை அச்சிட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதி. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகளே கூடாது. உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி போன்ற பொருட்களுக்கு அதே ஆண்டு ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை.

டெல்லிக்குத் தடை புதிதல்ல. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 50 மைக்ரானுக்குக் குறைந்த பைகளுக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. பைகள் போகவில்லை. சோதனை என்றதும் அதிகாரிகள் தள்ளுவண்டிக்காரரிடம்தான் போகிறார்கள். அபராதம் கட்டிவிட்டு அவர் மறுநாளும் அதே பையை வாங்குகிறார், மலிவாகக் கிடைப்பது அதுதானே. சதர் பஜார் மொத்த வியாபாரிக்குச் சரக்கு வரும் வழி அதிகாரிகளுக்குத் தெரியாதா என்ன!

தமிழ்நாடு 2019 ஜனவரி 1இலேயே 14 பொருட்களைத் தடை செய்து, பிறகு மஞ்சப்பையையும் கையில் கொடுத்தது. அங்கும் டீக்கடைப் பார்சல் இன்னும் பிளாஸ்டிக் பையில்தான் வருகிறது.

பெயரில்லாத பை பிடிபட்டால், அது வந்த கிடங்கையும் ஆலையையும் கண்டுபிடித்துச் சீல் வைக்க வேண்டும். பிடிபட்ட சரக்கின் எடையோடு, மூடிய ஆலைகளின் பட்டியலையும் டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு மாதந்தோறும் வெளியிடட்டும்.