துணிச்சல் ஒருநாள் முழக்கமல்ல: கொடைக்கானல் தரும் பாடம்

'ஈமானுக்கேற்ற துணிச்சல் வேண்டும்' என்று மிம்பரில் பேசுவது எங்களைப் போன்ற ஆலிம்களுக்கு எளிது. அதற்காக மாதச் சம்பளத்தை இழக்க நேர்ந்தால் என்ன செய்வோம் என்பதே கேள்வி.

கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை போன்ற மேல்மலைக் கிராமங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும்தான் பிழைப்பு. மழை ஏமாற்றினால் கடன்தான் மிஞ்சும். இத்தகைய மலையில் ஆலை வேலை எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. 1980களில் அமெரிக்காவிலிருந்து கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, பிறகு இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை மக்கள் அம்பலப்படுத்தினர். அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

அத்துடன் பரபரப்பு ஓய்ந்தது, தொழிலாளர்கள் ஓயவில்லை. தங்கள் உடல்நலம் கெட்டது என்றார்கள்; நிறுவனம் மறுத்தது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையிலான உதவி என்றது நிறுவனம். வேலையும் இல்லாமல், உறுதியான தீர்ப்பும் இல்லாமல் 15 ஆண்டுகள் நின்றார்களே, துணிச்சல் என்பது அதுதான்.

தீமையைக் கண்டால் கையால் தடுங்கள், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் வெறுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழி (முஸ்லிம்) நமக்குத் தெரியும். ஆனால் நாமோ முதல் இரண்டையும் முயன்று பாராமலே மூன்றாவதில் ஒதுங்கிக்கொள்கிறோம். அதற்குப் பொறுமை என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

போராடியவர்கள் எந்தச் சமயத்தவர் என்பது இங்கே பொருட்டல்ல. மக்காவில் ஏமாற்றப்பட்ட யமன் நாட்டு வணிகருக்கு நீதி கிடைக்க உருவான ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில், நபித்துவத்துக்கு முன்பே அண்ணலார் (ஸல்) பங்கேற்றார்கள். பிற்காலத்திலும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள்.

நமக்கும் எதிரே இருப்பது பெரிய நிறுவனம் மட்டுமல்ல. நம் கடைப் பையனின் கூலி, நம் தராசின் எடை, நம் ஜமாஅத்தின் கணக்கு ஆகியவையும்தான். நமக்கே பாதகமானாலும் நீதியில் நிலைத்திருக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (4:135). அந்தத் துணிச்சலை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!