வேனிலைக் கடக்கும் மரங்கள்

வேனிற்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து நிற்கும் மரத்தைக் கண்டதும் 'பட்டுப்போயிற்று' என்று சொல்லிவிடுகிறோம். எங்கள் தெருவிலிருந்த இலுப்பை மரமொன்று அப்படித்தான் வெட்டப்பட்டது. வெட்டுவாயில் பால் கசிந்த பிறகே அது உயிரோடு இருந்தது எங்களுக்குத் தெரிந்தது.

மரம் நீரைத் தேடி நடக்க இயலாது; இருக்கும் நீரைச் சிக்கனமாகச் செலவிடவே இயலும். இலைகளின் நுண்துளைகள் வழியாகக் கரியமிலவாயு உள்ளே வருகிறது. அவ்வழியாகவே நீர் ஆவியாகி வெளியேறுகிறது. வறட்சியில் மரம் அத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் மிஞ்சும், உணவு குறையும். தாகத்துக்கு அஞ்சிப் பசியை ஏற்றுக்கொள்ளும் நிலை அது. வறட்சி நீண்டால் அதுவும் போதாது. வேரிலிருந்து உச்சிவரை அறுபடாமல் ஏறும் நீர்த்தொடருக்குள் காற்றுக்குமிழி புகுந்து அதனை அறுத்துவிடும். அவ்வாறு அறுந்த குழாய்கள் பெருகினால் கிளைகள் காயத் தொடங்கும். அந்த இடர் நேராதிருக்கவே பல மரங்கள் இலைகளை முன்னதாகவே உதிர்த்துவிடுகின்றன.

புங்கமும் வேம்பும் இன்னும் வியப்புக்குரியவை. மழைக்குக் காத்திராமல், வெயில் ஏறும் பங்குனியிலேயே அவை தளிர்க்கின்றன. மேல்மண் வெடித்துக் கிடக்கும்போதும் ஆழத்தில் எஞ்சிய ஈரத்தை அவற்றின் வேர்கள் எட்டுகின்றன. பாலைநிலத்தில் யா மரத்தின் பட்டையை உரித்துத் தன் பிடியின் பசியைப் போக்கும் களிற்றைக் குறுந்தொகை காட்டுகிறது. நீரற்ற நிலத்திலும் மரம் பிற உயிர்க்குக் கொடுக்க எதையோ வைத்திருப்பதை நம் புலவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

எனினும் மரத்தின் பொறுமைக்கும் எல்லை உண்டு. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பாசனத்தை நம்பி வளர்ந்த தென்னைகள் தோப்புத் தோப்பாகக் கருகின.

வறட்சியைவிட நம் செயல்களே மரங்களை மிகுதியாக வருத்துகின்றன என்பது என் கருத்து. தூய்மைக்காக என்று சொல்லி, அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுத் தளம் போடுகிறோம். பெய்யும் சிறுமழையும் வேருக்குச் சேராமல் சாக்கடைக்குப் போகிறது. மரக்கன்று நடும் விழாக்களை நான் குறை கூறவில்லை. நட்ட பின் நாளும் ஒரு குவளை நீர் தெளிப்பதையே குறை கூறுகிறேன். அது மேல்மண்ணை மட்டும் நனைக்கும். வேரும் அங்கேயே தங்கிவிடும். கன்று வேர்பிடித்ததும், சில நாள் இடைவெளி விட்டு, மண் ஆழம்வரை நனையுமாறு ஊற்றினால் வேர் நீரைத் தொடர்ந்து கீழே இறங்கும். சருகுகளைக் கூட்டி எரிக்காமல் அடியில் பரப்பினால் அந்த ஈரம் விரைவில் உலராது.

இலையற்ற மரம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஆய்வகம் வேண்டியதில்லை. இளங்கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறினால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. எங்கள் தெருவில் அன்று ஒருவரும் கீறிப் பார்க்கவில்லை, நானும்தான்.