நீங்க ஹேக்கர் இல்லை... ஆனாலும் வெப்சைட் உங்களை ஏன் 'பிளாக்' செய்யுது?

விண்ணப்பிக்கக் கடைசி நாள். எல்லா விவரத்தையும் டைப் செய்து 'சப்மிட்' கொடுத்தால் '403 ஃபர்பிடன்' என்று ஒரு வெள்ளைப் பக்கம். நெட் இருக்கு, போனும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் என்ன பிரச்னை? பெரும்பாலும், வெப்சைட்டைக் காவல் காக்கும் ஃபயர்வால் உங்களைத் தாக்க வந்தவர் என்று நினைத்திருக்கும்.

ஏன் இப்படி?

முதல் காரணம், ஐபி முகவரி. ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். அது பத்தாததால், மொபைல் நிறுவனங்கள் 'சிஜிநாட்' முறையில் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதில் ஒருவர் சேட்டை செய்தாலும் மற்ற அனைவருக்கும் கதவு சாத்தப்படலாம்.

இரண்டாவது, நாம் எழுதும் வார்த்தைகள். டேட்டாபேஸைக் குறிவைக்கும் 'எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்' தாக்குதலில் 'செலக்ட்', 'யூனியன்' போன்ற சொற்களும் மேற்கோள் குறியும் வரும். விதி ரொம்பக் கறாராக இருந்தால், ஆங்கிலத்தில் 'பஞ்சாயத்து யூனியன்' என்று முகவரி எழுதுபவரும், டி'சோசா என்று பெயர் எழுதுபவரும் மாட்டிக்கொள்ளலாம்.

நாம என்ன செய்யலாம்?

விபிஎன் இருந்தால் ஆஃப் செய்யுங்க. மொபைல் டேட்டாவில் இருந்து வைஃபைக்கு மாறிப் பாருங்க. அப்போ திறந்தால், சிக்கல் ஐபியில்தான். பக்கம் திறந்து, சப்மிட் செய்யும்போது மட்டும் தடை வந்தால், எழுதியதில் ஏதோ ஒன்றை ஃபயர்வால் சந்தேகிக்கிறது. தடைப் பக்கத்தில் 'ரே ஐடி' போன்ற எண் இருந்தால், நேரத்தோடு சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க.

சைட் நடத்துபவர்கள்?

புகார் வந்ததும் ஃபயர்வாலையே அணைப்பது தீர்வு இல்லை. அந்த எண்ணை வைத்து 'லாக்' பார்த்தால், எந்த விதி தடுத்தது என்று தெரிந்துவிடும். பரவலாகப் பயன்படும் 'ஒவாஸ்ப் கோர் ரூல் செட்' சந்தேகத்துக்கு மதிப்பெண் போடுகிறது. வழக்கமான அமைப்பில் 5 வந்தாலே தடை; கடுமையான விதி ஒன்று பொருந்தினாலே 5 வந்துவிடும். அதனால், தவறாகப் பிடித்த விதிக்கு, பிரச்னை வந்த கட்டத்தில் மட்டும் விலக்கு கொடுத்தால் போதும். புது விதியைச் சில நாட்கள் தடுக்காமல் 'பதிவு மட்டும்' நிலையில் ஓடவிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

'இன்று இத்தனை தாக்குதல்களைத் தடுத்தோம்' என்று டாஷ்போர்டு காட்டும் எண்ணிக்கையில், விண்ணப்பிக்க முடியாமல் போனவர்களும் இருக்கலாம். அவர்களில் பலர் புகார் செய்வதில்லை, பேசாமல் போய்விடுகிறார்கள். எனவே தடைப் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எண்ணும், தொடர்புகொள்ள போன் நம்பரோ மெயில் முகவரியோ இருக்கணும். புகார் படிவமும் அதே ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தால், அதையும் திறக்க முடியாதே!